கணினி கேள்வி – பதில்: ஏழு மணி நேரக் கூத்து எங்கே போனது?

சென்ற இதழில் ஒலிக்கோப்புகளைப் பற்றிய ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் விளைவாக, இம்முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன. ஆகவே பிரிண்டர், வைரஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் ஒலிக்கே ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: 'ஃபிளாக்' என்பது, ஒலியின் எந்தப் பகுதியையும் தூக்கி எறியாமல் சுருக்கிவைத்து, விரிக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் திருப்பித் தருகிற இழப்பற்ற கோப்பு வடிவம். அதன் முதல் முழுப் பதிப்பு 2001 ஜூலையில் வெளியானது. யாருக்கும் உரிமத்தொகை கட்டத் தேவையில்லை என்பதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது.

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் நடந்த பாரதக் கூத்தை, இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை லேப்டாப்பில் ஒரே 'வேவ்' கோப்பாகப் பதிவு செய்தேன். இப்போது திறந்தால் 14 நிமிடம் 12 விநாடிதான் காட்டுகிறது. ஃபிளாக்காக மாற்றிப் பார்த்தாலும் அதே 14 நிமிடம்தான் வருகிறது. கூத்து போய்விட்டதா?
– வாசகர், பென்னாகரம் வட்டம்

பதில்: போகவில்லை. நீங்கள் எழுதிய அந்த 14 நிமிடம் 12 விநாடி என்ற கணக்கே உங்கள் கூத்து முழுவதும் பத்திரமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

வேவ் கோப்பின் தலைப்பகுதியில், 'எனக்குள் இத்தனை பைட் ஒலி இருக்கிறது' என்று எழுதிவைப்பதற்கு 32 பிட் அளவுள்ள ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதைத் தாண்டினால், நம் வீடுகளில் முன்பு இருந்த சக்கர மீட்டர் 99999 ஆனதும் மறுபடியும் சுழியத்திலிருந்து ஓட ஆரம்பிக்குமே, அதே கதைதான் இங்கும் நடக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல் என்ற வழக்கமான அமைப்பில் ஒரு விநாடி ஒலி 1,76,400 பைட் ஆகும். ஏழு மணி நேரத்துக்கு, அதாவது 25,200 விநாடிகளுக்கு, 4,445,280,000 பைட் வருகிறது. இதிலிருந்து ஒரு முழுச் சுற்றான 4,294,967,296-ஐக் கழித்தால் மீதி 150,312,704. அதை 1,76,400-ஆல் வகுத்துப் பாருங்கள். 852 விநாடி, அதாவது 14 நிமிடம் 12 விநாடி! உங்கள் கூத்துக்காரர்கள் சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கிச் சரியாக ஐந்து மணிக்கு முடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் ஆச்சரியம்.

முதல் வேலையாக அந்தக் கோப்பை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். எந்த மென்பொருளாவது 'கோப்பில் பிழை உள்ளது, சரிசெய்யவா?' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அது தலைப்பில் உள்ள தவறான எண்ணை நம்பி, மீதி ஆறே முக்கால் மணி நேரத்தை வெட்டி எறிந்துவிடக்கூடும். பிறகு கோப்பின் மீது வலது சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 4.14 ஜிபி என்று இருந்தால் எல்லாம் உள்ளே இருக்கிறது.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் கோப்பைச் சாதாரணமாகத் திறக்காமல், 'இம்போர்ட்' பட்டியலில் உள்ள 'ரா டேட்டா' வழியாக உள்ளே எடுங்கள். அப்போது ஆடாசிட்டி தலைப்பைப் படிக்காது. நீங்கள் சொல்வதைத்தான் நம்பும். குறியாக்கம் 'சைன்டு 16 பிட் பிசிஎம்', பைட் வரிசை 'லிட்டில் எண்டியன்', சேனல் இரண்டு, மாதிரி வேகம் 44,100, தொடக்க ஆஃப்செட் 44 பைட் என்று கொடுங்கள். இந்த 44 என்பது சாதாரண வேவ் தலைப்பின் நீளம். சில கருவிகள் தலைப்பில் கூடுதல் விவரங்களை எழுதுவதால், தொடக்கத்தில் 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் வரலாம்; அதை வெட்டிவிட்டால் போதும். ஒலிக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டுமே கேட்டால், ஆஃப்செட் ஒரு பைட் பிசகியிருக்கிறது என்று பொருள். 45 என்று மாற்றிப் பாருங்கள். இந்த வேலைக்கு டிஸ்கில் பத்து ஜிபி அளவுக்காவது காலி இடம் வேண்டும். ஆடாசிட்டி ஏற்றுமதி செய்யும்போது 'டிதர்' என்னும் மிக மெல்லிய இரைச்சலைச் சேர்க்கக்கூடும் என்பதால், ஒரு பிட்கூட மாறக்கூடாது என்று நினைத்தால் அமைப்புகளில் 'குவாலிட்டி' பகுதியில் அதை நிறுத்திவிட்டு ஃபிளாக்காக ஏற்றுமதி செய்யுங்கள்.

கரண்ட் போய், பதிவு பாதியில் நின்று, நீளம் சுழியம் என்று காட்டும் கோப்புகளையும் பெரும்பாலும் இதே வழியில் மீட்டுவிடலாம். பதிவு ஒழுங்காக முடிந்தால்தான் தலைப்பில் நீளம் எழுதப்படும் என்பதே அங்கே காரணம். அடுத்த திருவிழாவில், மென்பொருளே மணிக்கு ஒரு கோப்பாகப் பிரிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நேரடியாக ஃபிளாக்கில் பதிவு செய்யுங்கள். அதற்கு இந்த 4 ஜிபி வரம்பு இல்லை. கட்டியங்காரன் வந்து சிரிக்கவைக்கிற இடைவெளியில் நிறுத்தித் தொடங்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள்; ஊரில் பலரும் பின்னாளில் திரும்பக் கேட்பது அந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை அளவுகள் உள்ளன. 8 வைத்தால் அதிகம் சுருங்கி ஒலி கெடுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கெடாது. ஒன்பது அளவுகளிலும் விரிந்து வெளியே வரும் ஒலி ஒன்றேதான். சுருக்குவதற்குக் கணினி எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இயல்பாக இருக்கும் 5-க்கும் 8-க்கும் இடையே கோப்பின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்கூட குறைவதில்லை. 5-லேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள எம்பி3 பாடல்கள் ஆயிரத்தையும் ஃபிளாக்காக மாற்றினேன். இடம் ஐந்து மடங்குக்கு மேல் பிடிக்கிறது, ஒலி மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த அமைப்பில் தவறு செய்தேன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அமைப்பில் தவறு இல்லை, எதிர்பார்ப்பில்தான் தவறு. கரும்பு விளையும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்தால் கரும்புச் சாறு ஆகிவிடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காது பொருட்படுத்தாது என்று கருதும் பகுதிகளை எம்பி3 சுருக்கும்போதே எடுத்துவிடுகிறது. 128 கிலோபிட் எம்பி3-இல் ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி, அதே பாட்டு குறுந்தகட்டில் ஏறக்குறைய 53 எம்பி. நடுவில் போனது போனதுதான். நீங்கள் செய்த மாற்றத்தில் ஃபிளாக், தன்னிடம் கொடுக்கப்பட்ட குறைந்துபோன ஒலியை ஒரு பிட் விடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எம்பி3 கோப்புகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் அவற்றையே வைத்துக்கொண்டு, புதிய ஃபிளாக்குகளை அழித்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஃபிளாக் கோப்பு இப்படி எம்பி3-இலிருந்து மாற்றப்பட்டதா என்று அறிய, 'ஸ்பெக்' என்ற சிறிய மென்பொருளில் அதைப் போட்டுப் பாருங்கள். அதிர்வெண் படம் 16 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் நின்றால் ஐயப்படலாம். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். பழைய இசைத்தட்டுகளிலும் தேய்ந்த கேசட்டுகளிலும் அந்த உயரத்தில் இயல்பாகவே எதுவும் இருக்காது. அங்கே ஒலி கத்தியால் வெட்டியதுபோல் நிற்காமல், சிறிது சிறிதாக மங்கி மறையும்.

கேள்வி: என் தாத்தா பம்பை வாசித்தவர். 1980-களில் திருவிழாக்களில் பதிவு செய்த இருபது கேசட்டுகள் வீட்டில் உள்ளன. அவற்றை லேப்டாப்பில் ஏற்றிப் பாதுகாக்க விரும்புகிறேன். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைக்கவேண்டும் என்று நண்பர் சொல்கிறார். ஒரு கேசட் ஏற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, 'ம்ம்' என்று ஓர் உறுமலும் உள்ளது.
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: எண்களை விட்டுவிட்டு முதலில் கேசட் பிளேயரைக் கவனிப்போம். கணினியில் செய்யும் எந்த மாயமும், நாடா ஓடும்போது எடுக்கத் தவறியதைத் திருப்பித் தராது.

மூடியைத் திறந்து, நாடா உரசும் ஹெட்டில் பழுப்பு நிறத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள்; நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். அதன் பிறகும் ஒலி கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறிய திருகை, கேசட் ஓடும்போதே, மிக மெதுவாக இப்படியும் அப்படியும் கால் சுற்றுக்குள் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் கருவியின் சாய்வும் ஒன்றாகும் இடத்தில், பம்பையின் குச்சியடி திடீரென்று தெளிந்து வரும். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டியிருக்கும். கடைக்காரர் விற்ற அச்சுக் கேசட்டுகளில் இந்தத் திருகைத் தொடத் தேவையில்லாமல்கூடப் போகலாம். வீட்டுப் பதிவுகளில் கட்டாயம் தேவைப்படும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்குக் காரணம், இன்றைய லேப்டாப்புகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை இருப்பதுதான். அந்தத் துளை உள்ளே எடுப்பது ஒற்றைச் சேனல் மைக் ஒலியை மட்டும். அதுவும் மெல்லிய மைக் ஒலியைப் பெரிதாக்கும் அமைப்பு என்பதால், பிளேயரிலிருந்து வரும் வலுவான ஒலி நசுங்கிப்போகும். 'லைன் இன்' துளை உள்ள யுஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இருபது கேசட் என்பதால் அந்தச் செலவு வீணாகாது. உறுமல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி எண்கள். கேசட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலுத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 50 முதல் 60 டெசிபல். 16 பிட்டே 96 டெசிபல் வரை கொள்ளும். எனினும், பதிவு செய்யும்போது உச்ச அளவு −6 டெசிபலைத் தாண்டாமல் சற்று இறக்கிவைத்துக்கொள்ள வசதியாக 24 பிட் வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கிறேன். பம்பை போன்ற தோல்கருவிகளின் முதல் அடி, மீட்டர் ஊசி எழுவதற்குள் எகிறிவிடும் என்பதால் அந்த இடைவெளி தேவை. 96 கிலோஹெர்ட்ஸ் தேவையில்லை என்பது என் முடிவு. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அறுபது நிமிடக் கேசட் ஒன்று சுமார் 950 எம்பி; 96-இல் அது 2 ஜிபியைத் தாண்டும். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலைத்தான் சுமக்கும்.

ஃபிளாக்காக மாற்றியபின் கோப்பு எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லையே என்று வருந்தாதீர்கள். அடுத்து வரும் ஒலி எப்படி இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைப்பதே ஃபிளாக்கின் வேலைமுறை. இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாது. அதனால்தான் ஸ்டுடியோவில் பதிவான புல்லாங்குழல் நன்றாகச் சுருங்கும், உங்கள் கேசட் சுருங்காது. உங்கள் தாத்தாவின் பதிவுகள் ஒற்றை மைக்கில் எடுத்த மோனோ பதிவுகளாக இருந்தால், இரு சேனலையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு பாதியாகும், இரைச்சலும் சற்றுக் குறையும். இரைச்சல் நீக்கும் வசதியைப் பயன்படுத்துவதானால் நகலில் பயன்படுத்துங்கள். அது பம்பையின் அதிர்வையும் இரைச்சல் என்று எண்ணி உறிஞ்சிவிடும்.

கேள்வி: பழைய கோப்புகளில் பாடல் பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. சிலவற்றில் தமிழ் பாதியில் நிற்கிறது.
– வாசகர், அரூர்

பதில்: இவை இரண்டு தனித்தனி நோய்கள். முதலாவது, யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி, டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் தட்டச்சு செய்த பெயர்கள். அந்த எழுத்துருவைப் போட்டால் மட்டும் தமிழாகத் தெரிந்து, மற்ற இடங்களில் வெறும் ஆங்கில எழுத்துகளாக நிற்பவை. அந்த எழுத்துகளை நகலெடுத்து ஒரு யூனிகோடு மாற்றியில் ஒட்டி, வந்த தமிழை எம்பி3டேக் மென்பொருளில் திரும்ப இடுங்கள்.

இரண்டாவது, எம்பி3-இன் பழைய 'ஐடி3' முதல் பதிப்புக் குறிப்பின் கோளாறு. அதில் பாடல் பெயருக்கு மொத்தம் 30 பைட்தான் இடம். அதில் யூனிகோடை வலிந்து அடைத்தால், யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் போய்விடும்; 'ரி' என்பது ர, இகரக்குறி என இரண்டு குறியீடாகும். 'தருமபுரி' 24 பைட்டில் அடங்கிவிடும். 'கிருஷ்ணகிரி' 33 பைட் ஆகி, கடைசி இகரக்குறி வெளியே நின்றுவிடும். மாவட்டம் பிரிந்ததால் வந்த வஞ்சனை என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். ஃபிளாக் தன் குறிப்புகளை எப்போதும் யூடிஎஃப்-8-இல், நீள வரம்பு என்று சொல்லத்தக்க எதுவுமின்றி எழுதுவதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. ஆனால் சில மென்பொருள்கள் ஃபிளாக் கோப்பின் தலையிலும் ஐடி3 குறிப்பை ஒட்டிவைக்கின்றன. ஃபிளாக்குக்கு உரிய நான்கெழுத்து அடையாளம் கோப்பின் முதல் நான்கு பைட்டில் இருக்கும் என்று நம்பும் பிளேயர்கள் அப்போது 'இது ஃபிளாக்கே இல்லை' என்று மறுத்துவிடும். 'நேற்று வரை ஓடியது, பெயர் மாற்றியபின் ஓடவில்லை' என்று எழுதியிருக்கும் மற்ற இரு வாசகர்களுக்கும் இதுவே பதில். எம்பி3டேக்கிலோ, ஃபூபார்2000 என்ற ஒலி பிளேயரிலோ அந்த ஐடி3-ஐ நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃபிளாக்காக மாற்றும்போது 'சரிபார்ப்பு தோல்வி' என்றும், சில பழைய கோப்புகளைச் சோதிக்கும்போது 'எம்டி5 பொருந்தவில்லை' என்றும் வருகிறது. ஒருமுறை வருகிறது, மறுமுறை வரவில்லை. மென்பொருளை மூன்று முறை அழித்து நிறுவிவிட்டேன்.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: நான்காம் முறை நிறுவாதீர்கள். 'ஒருமுறை வருகிறது, மறுமுறை வரவில்லை' என்ற உங்கள் வரியில்தான் விடை இருக்கிறது.

ஃபிளாக் கோப்புக்குள் இரண்டு காவல்கள் உள்ளன. ஒலி சிறுசிறு சட்டங்களாக, வழக்கமாக ஒரு சட்டத்துக்கு 4,096 மாதிரிகளாக, வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதப்படுகிறது. இதற்கு மேல், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலி முழுவதுக்கும் கணக்கிட்ட எம்டி5 எண் தலைப்பில் இருக்கிறது. பாடல் பெயரை மாற்றினாலும், அளவு 5-இலிருந்து 8-க்கு மாற்றினாலும் இந்த எண் மாறாது. ஒலியில் ஒரு பிட் புரண்டால் மாறிவிடும். வேவ் கோப்பிலோ எம்பி3-இலோ ஒலி முழுமைக்குமான இத்தகைய சாட்சி கிடையாது என்பதால், நான் ஃபிளாக்கை விரும்புவதற்கு இடம் மிச்சமாவதைவிட இதுவே பெரிய காரணம்.

இப்போது ஒரே கோப்பை ஃபூபார்2000-இன் 'ஃபைல் இன்டெக்ரிட்டி வெரிஃபையர்' கொண்டு மூன்று முறை சோதியுங்கள். மூன்று முறையும் பிழை ஒரே இடத்தில் வந்தால், கோப்பு டிஸ்கிலேயே கெட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தாலோ, ஒருமுறை வந்து ஒருமுறை வராமல் போனாலோ, கோப்பின் மீது குற்றமில்லை. உங்கள் கணினியின் நினைவகம், அதாவது ரேம், அல்லது சூடேறிய பிராசசர்தான் பொய் சொல்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், தருமபுரி வெயிலில் மின்விசிறியே அனலை வீசிக்கொண்டிருந்தபோது, என் கணினியில் நூற்றுக்கணக்கான குறுந்தகடுகளை ஃபிளாக்காக மாற்றிக்கொண்டிருந்தேன். இருபதில் ஒன்று தோற்றது. காலையில் தோற்காது, மதியம் தோற்கும். மற்றபடி கணினி ஒழுங்காகத்தான் ஓடியது. கடிதம் எழுதியது, படம் காட்டியது. பழுது பார்க்கக் கொடுத்த கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். நோய் தீரவில்லை. கடைசியில் பிராசசர் மேலிருந்த விசிறியைக் கழற்றிப் பார்த்தால், கம்பளம் போல் தூசு படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் தோல்விகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. மெம்டெஸ்ட் என்ற சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தபோது திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றி, பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்ததில் ஒன்று கெட்டது என்று தெரிந்தது. அதை எறிந்த நாளிலிருந்து ஒரு கோப்பும் தோற்கவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் நகலெடுத்த புகைப்படங்களில் எத்தனை கெட்டிருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவற்றுக்கு எம்டி5 சாட்சி இல்லையே!

பிழை ஒரே இடத்தில் வரும் கோப்புகளுக்கு: வேறு நகல் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், பிழைகளைக் கடந்து விரிக்கும் வசதியைப் பயன்படுத்தி வேவ் ஆக்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சட்டம் கெட்டால் போவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற சட்டங்கள் அதைச் சாராமல் தனியாக விரியும்.

கேள்வி: '32 பிட் ஃப்ளோட்' பதிவுக்கருவி வாங்கினேன். அதன் கோப்பை ஃபிளாக் ஏற்க மறுக்கிறது. வேறொரு மென்பொருளில் மாற்றினால் நாதஸ்வரம் உச்சத்தில் கரகரக்கிறது. கருவியில் கேட்டால் கரகரப்பு இல்லை.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: ஃபிளாக் முழு எண்களை மட்டுமே தாங்கும், ஃப்ளோட் என்ற தசம எண்களைத் தாங்காது. உங்கள் கோப்பில் 0 டெசிபலுக்கு மேலே எழுந்த உச்சங்களும் பத்திரமாக இருக்கின்றன. 24 பிட்டாக மாற்றும்போது 0-க்கு மேல் உள்ளவை மொட்டையாக வெட்டப்படுவதால் கரகரப்பு வருகிறது. ஆடாசிட்டியில் திறந்து, 'நார்மலைஸ்' மூலம் உச்சத்தை −1 டெசிபலுக்கு இறக்கிவிட்டு, 24 பிட் ஃபிளாக்காக ஏற்றுமதி செய்யுங்கள். மூலத்தை ஃப்ளோட்டாகவே சுருக்கிவைக்க விரும்பினால் 'வேவ்பேக்' என்ற இழப்பற்ற வடிவம் அதைத் தாங்கும். கருவி விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு: மைக்கே திணறிப்போகும் அளவுக்கு அதை நாதஸ்வரத்தின் வாய்க்கு எதிரே வைத்தால், அந்தக் கரகரப்பை எந்த ஃப்ளோட்டும் தீர்க்காது.

கேள்வி: குறுந்தகட்டிலிருந்து பாடல்களைப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் 1 கேபி மட்டுமே உள்ளது, ஓடவில்லை.
– வாசகர், மத்தூர்

பதில்: நீங்கள் எடுத்தவை பாடல்கள் அல்ல, எந்தப் பாடல் தகட்டில் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 44 பைட் சீட்டுகள். ஒலித்தகட்டைப் படித்தெடுக்க 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் வேண்டும். அதில் 'செக்யூர்' முறையை வைத்தால் கீறல் உள்ள இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். எடுத்தது சரியா என்று மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிடும் வசதியும் அதில் உண்டு. பழைய தமிழ்த் தகடுகள் பல அந்தப் பட்டியலில் இருக்காது என்பதால், 'டெஸ்ட் அண்ட் காப்பி' மூலம் இருமுறை படித்து இரு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தையில் 'நூறு பாடல்கள்' என்று விற்ற தகடுகளில் இருப்பது எம்பி3. அவற்றை நேராக நகலெடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனின் ஐபோனில் ஃபிளாக் ஏறவில்லை.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: 'ஃபைல்ஸ்' செயலியில் போட்டால் ஓடும். இசைச் செயலியில் ஏற்ற, ஃபூபார்2000 கொண்டு 'ஆலாக்' வடிவத்துக்கு மாற்றுங்கள். அதுவும் இழப்பற்றது, ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்தது. எப்போது வேண்டுமானாலும் ஃபிளாக்குக்குத் திரும்பலாம். மாற்றும்போது 'ஏஏசி' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் கோப்பின் வால்பெயர் ஒன்றே, ஆனால் ஏஏசி இழப்புள்ளது.

கேள்வி: கார் ஸ்டீரியோவில் சில ஃபிளாக் மட்டும் ஓடுகிறது.
– வாசகர், காரிமங்கலம்

பதில்: ஓடாதவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளாக இருக்கும். காருக்கென்று 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் தனி நகல் எடுத்து, 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். நெடுஞ்சாலைச் சத்தத்தில் வேறுபாடு தெரியாது.

கேள்வி: ஃபிளாக்காக மாற்றியபின் மூல வேவ் கோப்புகளை அழித்துவிடலாமா?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: ஒலியைப் பொறுத்தவரை அழிக்கலாம். மாற்றும்போது 'வெரிஃபை' வசதியை இயக்கி, மாற்றியபின் கோப்பைச் சோதித்து, இன்னொரு டிஸ்கிலும் நகல் வைத்து, அந்த நகலையும் சோதித்த பிறகு அழியுங்கள். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கையடக்கப் பதிவுக்கருவியில் பதிவின் நடுவே பொத்தானை அழுத்தி 'மார்க்' போட்டிருந்தால், அந்த அடையாளங்களும் பதிவான தேதி, நேரமும் வேவ் கோப்பில் ஒலிக்கு வெளியே தனித் துண்டுகளாக இருக்கும். ஃபிளாக் இயல்பாக அவற்றை எடுத்துக்கொள்ளாது. அந்நியத் தகவலையும் சேர்த்துவைக்கச் சொல்லும் 'கீப் ஃபாரின் மெட்டாடேட்டா' தெரிவைக் கொடுத்தால்தான் சேரும். அதைக் கொடுக்காமல் முன்பே மாற்றிவிட்டீர்கள் என்றால், வேவ் கோப்பு இன்னும் இருக்கும்போதே அந்த மார்க் நேரங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.